ஓடி முடித்ததும் 240 காட்டினால் உடனே ஊசியை எடுக்காதீர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருவது என் வேலை. எனக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய் உண்டு. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன், எடை தூக்குகிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு குழுவிலும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். பெரும்பாலானவை நானும் கடந்து வந்தவைதான். சோம்பேறிகள் இவற்றில் மாட்டுவது குறைவு. தினமும் விரலைக் குத்தி, நோட்டில் எழுதி, எண்ணைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று துடிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் காட்டும் எண் சரியாகவே இருக்கும். அதற்கு முன்பு வயிற்றிலும் தசையிலும் என்ன நடந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் அந்த எண்ணை வாசித்துவிடுகிறார்கள்.

காலாவதியான ஸ்ட்ரிப், மாத்திரையை மறப்பது, மூடி திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் டப்பா, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பார்க்க நியாயமாகத் தெரிகிற, ஆனால் ஆளைக் கவிழ்க்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. உங்கள் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டினால், இங்குள்ள எண்ணை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரோடு பேசிய பிறகுதான். எதை அவரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து மணி எண்ணுவது

'சாப்பிட்டு இரண்டு மணி நேரம்' என்றால் முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். அப்போதுதான் செரிமானம் தொடங்குகிறது. பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் சாப்பிட்டுவிட்டு, எழுந்த நேரத்திலிருந்து எண்ணினால், நீங்கள் பார்ப்பது இரண்டே முக்கால் மணி நேரத்து அளவு. உச்சம் எப்போதோ கடந்து போயிருக்கும், எண் அழகாக இருக்கும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். அந்த நிம்மதி பொய்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் வந்து இறங்கத் தொடங்கிவிடும். நோய் உள்ளவருக்கு அது ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை போகலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கிய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும் உச்சம் 180-க்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கு இலக்கு இன்னும் இறுக்கம்: ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே.

எந்த நேரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு மணி நேரத்தில் பார்த்ததையும் இன்று மூன்று மணி நேரத்தில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து 'இன்று நல்ல முன்னேற்றம்' என்று எழுதி வைத்த நோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு மட்டும் பார்ப்பது

சாப்பிட்ட பிறகு 170. இது அந்தச் சாப்பாட்டின் வேலையா? சாப்பிடும் முன் 160 இருந்திருந்தால் சாப்பாடு ஏற்றியது வெறும் 10. முன்பு 90 இருந்திருந்தால் 80 ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே எண், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதில் உணவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தைய வேளையையோ, இரவு முழுக்கக் கல்லீரல் விட்ட சர்க்கரையையோ, நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை மருந்தையோ பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்பை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் வாரம் முழுக்கக் கண்ட நேரத்தில் குத்துவதைவிட, ஒரு நாளைக்கு ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து முன்னும் பின்னும் ஜோடியாகப் பாருங்கள். ஒரு வாரத்தில் எந்த வேளை உங்களைத் தூக்குகிறது என்று தெரிந்துவிடும்.

கொழுப்பான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் எடை போடுவது

கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். கொழுப்பும் புரதமும் நிறைந்த சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்து, மெதுவாக, வெகு நேரம் இரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 140 என்று பார்த்துவிட்டு 'இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்கிறது' என்று தீர்ப்பு எழுதினால், மூன்றாவது மணியிலிருந்து ஐந்தாவது மணி வரை நடந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை. இரவில் இப்படிச் சாப்பிட்டவர்கள் காலையில் 190 பார்த்துவிட்டுக் காரணம் தெரியாமல் தவிப்பார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி. சாப்பாட்டுக்குப் போடும் வேக இன்சுலின் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். சாப்பாடு அதற்குப் பின்னால்தான் வரும். முதலில் இறங்கி, பிறகு ஏறும். இறங்கியதற்கு இனிப்பு, ஏறியதற்கு ஊசி என்று அந்த இரவு முழுக்க எண்ணைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட சாப்பாட்டை ஒரு முறையாவது நான்கு, ஐந்து மணி நேரம் வரை தொடர்ந்து அளந்து பார்த்து, அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு சின்ன உதவி: அதே தட்டில் இருப்பதையே, காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், உச்சம் குறைவாக வரும். உணவை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றினாலே பலன் உண்டு.

பழம் தொட்ட விரல்

விரலில் ஒட்டிய பழச் சர்க்கரை எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது.

கடும் பயிற்சி முடிந்ததும் ஏறிய சர்க்கரையை ஊசியால் இறக்குவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒவ்வொரு குழுவிலும் முதல் நாளே சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன். இருந்தும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார். இன்றும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் இந்தத் தவறு உயிரோடு விளையாடுவது.

என்னிடம் ஒரு இளைஞன் வந்தான். இன்சுலின் போடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒழுங்கானவன், கணக்கில் கெட்டிக்காரன். அன்று மாலை வேகமாக ஓடி, நின்று, மறுபடி வேகமாக ஓடும் பயிற்சி. தொடங்கும்போது 150. முடித்துவிட்டுப் பார்த்தால் 248. முகம் வாடிப்போய் வந்து நின்றான். "அக்கா, ஓடினா சர்க்கரை குறையும்னுதானே சொன்னாங்க? நூறு ஏறியிருக்கே?" என்றான். இது அட்ரினலின் வேலை, ஒரு மணி நேரம் பொறு, நட, தண்ணீர் குடி, மறுபடி பார் என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போனதும் அவனால் பொறுக்க முடியவில்லை. 248-ஐ 120-க்குக் கொண்டுவர எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டு ஊசி போட்டுக்கொண்டான். வழக்கமான நாளுக்கு அந்தக் கணக்கு துல்லியமானதுதான். ஒரு மணி நேரம் கழித்து இரவுச் சாப்பாடு, அதற்கு வழக்கமான முழு டோஸ். படுக்கும் முன் 135. நல்ல எண் என்று நிம்மதியாகத் தூங்கினான். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் அவன் அம்மா ஏதோ சத்தம் கேட்டு எழுந்து பார்க்கிறார். படுக்கை முழுக்க வியர்வை, பையன் ஏதேதோ உளறுகிறான், கூப்பிட்டால் அடையாளம் தெரியவில்லை. மீட்டரில் 38. தாழ்ந்த சர்க்கரையை அவசரத்துக்கு ஏற்றும் குளூக்ககான் ஊசி வீட்டில் இருந்ததால் பிழைத்தான். அந்த அம்மா எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அவன் கணக்கில் எங்கே பிசகு? ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பெரியவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். சர்க்கரை 100 இருக்கும்போது அந்த இரத்தம் முழுவதிலும் கரைந்திருப்பது வெறும் 5 கிராம் குளுக்கோஸ். ஆனால் கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும், தசைகளில் அதைப்போல நான்கைந்து மடங்கும் கிளைக்கோஜனாகச் சேமிப்பு இருக்கிறது. எனவே கல்லீரல் விடுவதற்கும் தசை எடுப்பதற்கும் நடுவில் சில நிமிடங்கள் சமநிலை தவறினாலே மீட்டரில் பெரிதாகத் தெரியும்.

நிதானமாக நடக்கும்போது, மெதுவாக ஓடும்போது, தசை எடுப்பது அதிகம். தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸுக்குக் கதவு திறக்கும். அதனால் சர்க்கரை இறங்கும். உடலின் உச்சத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் போகும் பயிற்சியில், அதாவது ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதாத நிலையில், கதை மாறுகிறது. அட்ரினலினும் நார் அட்ரினலினும் பல மடங்கு கொட்டும். கல்லீரல் குளுக்கோஸ் விடுவது ஓய்வு நிலையைவிட ஏழெட்டு மடங்கு உயரும். தசை எடுப்பதோ மூன்று நான்கு மடங்குதான் உயரும். மிச்சம் இரத்தத்தில் தேங்குகிறது. பயிற்சியை நிறுத்தியதும் தசையின் தேவை சட்டென்று விழுந்துவிடும், கல்லீரல் அதே வேகத்தில் அடங்காது. அதனால் முடித்த சில நிமிடங்களில் இன்னும் கொஞ்சம் ஏறும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இப்படித்தான் ஏறும். அவருடைய கணையம் உடனே இன்சுலினைக் கூட்டி, ஒரு மணி நேரத்துக்குள் சமாளித்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது.

ஆக 248 நிஜம். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சர்க்கரை சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல, உடலின் சேமிப்பிலிருந்து எடுத்தது. எடுத்ததை உடல் திருப்பி வைக்கும். காலியான தசை அடுத்த பல மணி நேரத்துக்கு இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்து நிரப்பிக்கொள்ளும். இன்சுலினுக்கு அது காட்டும் ஒத்துழைப்பும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைக்கும் கூடியிருக்கும். மாலையில் பயிற்சி செய்யும் முதல் வகைக்காரர்களிடம் பயிற்சி முடிந்த ஏழு மணி நேரத்திலிருந்து பதினொரு மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் தேவை இரண்டாம் முறை ஏறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு முடித்தவருக்கு அது நள்ளிரவு ஒரு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை. தூங்கும் நேரம். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அட்ரினலின் எழுப்பிவிடும் வேலையும் மந்தமாக இருக்கும்.

இப்போது அந்த ஊசியை இதோடு சேர்த்துப் பாருங்கள். வேக இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரை இருக்கும். அது உச்சத்துக்கு வரும்போது அட்ரினலின் அடங்கியிருக்கும், தசை இழுக்கத் தொடங்கியிருக்கும். இறக்கத்தில் தானாகவே போய்க்கொண்டிருக்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதுதான் இது. அதன் மேல் இரவுச் சாப்பாட்டின் முழு டோஸும் சேர்ந்தது. 'ஒரு யூனிட் இத்தனை இறக்கும்' என்று அவன் வைத்திருந்த கணக்கு சாதாரண நாளுக்கானது. அன்று அதே ஒரு யூனிட் அதைவிட அதிகமாக இறக்கியது.

என்னை எரிச்சலூட்டும் இன்னொன்று, இப்படி ஏறியதைப் பார்த்து உறவுக்காரர்களும் தோழர்களும் தரும் அறிவுரை. '250 ஆபத்து, உடனே குறைத்தாக வேண்டும்' என்பார்கள். பயிற்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் 250 இருப்பதால் நல்ல நிலையில் உள்ள ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் ஆகிவிடாது. 38 அப்படியல்ல.

சரி, என்ன செய்வது? பயிற்சியைச் சட்டென்று நிறுத்தாமல் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். அந்த நடையே ஏறியதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குடியுங்கள். நீர் குறைந்தாலும் எண் ஏறும். முடித்த அரை மணியில் ஒரு முறை, ஒரு மணியில் ஒரு முறை பாருங்கள். இறங்கத் தொடங்கியிருந்தால் கையை வையாதீர்கள். இறங்காமல் உயரத்திலேயே நின்றால், வழக்கமான டோஸில் பாதி என்பதைத்தான் 2017-இல் வெளிவந்த சர்வதேச வல்லுநர் வழிகாட்டல் சொல்கிறது. உங்களுக்குப் பாதியா, அதற்கும் குறைவா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உயர்ந்த எண்ணைப் பார்த்துப் பதறும் நேரத்தில் புதிதாக முடிவு எடுக்கக் கூடாது.

மாலையில் கடும் பயிற்சி செய்த அன்று இரவுச் சாப்பாட்டு டோஸையும் இரவு அடிப்படை இன்சுலினையும் குறைக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் முன் எண் தாழ்வாகவோ இறங்கிக்கொண்டோ இருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறை பாருங்கள், தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் இருந்தால் அதன் தாழ்நிலை எச்சரிக்கையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அன்று இரவு மது வேண்டவே வேண்டாம். மது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் உருவாக்குவதைத் தடுக்கும். சேமிப்பு குறைந்த இரவில் அந்தக் கடைசி வழியும் அடைபடும். சேமிப்பு குறைந்திருந்தால் குளூக்ககான் ஊசியும் முழு வேகத்தில் வேலை செய்யாது, ஏனென்றால் அது கல்லீரலில் இருப்பதைத்தான் எடுத்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறக்கக் கூடாது. பயிற்சிக்கு முன்பே 270-க்கு மேல் இருந்தாலோ, இன்சுலின் செலுத்தும் பம்ப்பை வெகு நேரம் கழற்றி வைத்திருந்தாலோ, ஊசி ஒன்றைத் தவறவிட்டிருந்தாலோ, அது அட்ரினலின் ஏற்றம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அங்கே உண்மையாகவே இன்சுலின் போதவில்லை. இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரித்து உண்டாக்கும் கீட்டோன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இரத்தக் கீட்டோன் 1.5 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் பயிற்சியே கூடாது, மருத்துவர் சொன்னபடி உடனே சரிசெய்ய வேண்டும். வாந்தியும் சேர்ந்திருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். பயிற்சிக்கு முன் ஒரு எண் பார்த்து வைத்திருந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.

அந்த இளைஞன் இப்போதும் ஓடுகிறான். பயிற்சி முடிந்ததும் மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு முதலில் நடக்கிறான்.

ஏறுகிறது என்று பயந்து எடை தூக்குவதை விடுவது

இது இரண்டாம் வகைக்காரர்களிடம் அதிகம். எடை தூக்கியதும் 30, 40 ஏறுகிறது, நடந்தால் இறங்குகிறது, அதனால் நடை மட்டும் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்சுலின் போடாதவருக்கு அந்த ஏற்றம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அடங்கும். சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் தசை. தசை வளர்ந்தால் சேமிக்க இடம் கூடும். பயிற்சி முடிந்த நிமிடத்து எண்ணைப் பார்த்து இதை விடுவது பெரிய நஷ்டம். எடைப் பயிற்சி பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் காலை எண்ணையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும், அந்த மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியையும் பாருங்கள்.

வரிசையைப் பற்றிக் கவலைப்படாதது

ஒரே நாளில் எடையும் ஓட்டமும் செய்கிறீர்களா? ஓடும்போது எண் சரிந்துபோகும் ஆளாக இருந்தால் எடையை முதலில் செய்யுங்கள். ஓட்டத்தின்போது சரிவு குறையும். மெதுவாக ஓடி முடித்துவிட்டு, இறங்கிக்கொண்டே போகிறதே என்று இருந்தால், பத்து விநாடி முழு வேகத்தில் ஓடினால் சரிவு சிறிது நேரத்துக்கு நிற்கும். 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் முதல் வகை இளைஞர்களிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மேலே சொன்ன அதே அட்ரினலின்தான் இங்கே உதவிக்கு வருகிறது. ஆனால் ஏற்கெனவே 70-க்குக் கீழே போனவர் இதை முயலக் கூடாது. அவருக்கு வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிட ஓய்வு, மறுபடி ஒரு பரிசோதனை.

சாப்பாட்டு ஊசி வேலை செய்யும்போதே ஓடப் போவது

சாப்பிட்டு, அதற்கு முழு டோஸ் போட்டு, ஒரு மணி நேரத்தில் நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். இன்சுலினும் தசையும் ஒன்றாக இழுக்கும். அதோடு, ஓடும் காலிலேயே ஊசி போட்டிருந்தால் இரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் வேகமாக ஏறும். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஓடப் போவது முன்பே தெரிந்திருந்தால், அந்த வேளை டோஸை எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட பிறகு நினைத்துக்கொண்டால் குறைக்க முடியாது. அப்போது கூடுதலாகச் சாப்பிடுவது ஒன்றுதான் வழி.

எதிர்ப்பக்கத்தில், இறங்கிவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் வயிறு நிறையத் தின்றுவிட்டு வருபவர்களும் உண்டு. தொடக்க எண்ணைப் பார்த்துச் சாப்பிடுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டு, எண் ஏறும் வரை காத்திருங்கள். 90-க்கு மேல் 124 வரை இருந்தால் நிதானமான ஓட்டத்துக்கு முன் 10 கிராம் போதும். எடை தூக்கவோ வேகப் பயிற்சி செய்யவோ போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அதுவும் வேண்டாம். 126 முதல் 180 வரை இருந்தால் நேராகத் தொடங்கலாம். கையில் குளுக்கோஸ் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஓட்டத்தின் நடுவில் சென்சாரை மட்டும் நம்புவது

தோலில் ஒட்டும் சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தை அளக்கிறது. இரத்தத்தில் நடப்பது அங்கே வந்து சேரச் சில நிமிடங்கள் பிந்தும். உட்கார்ந்திருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. எண் வேகமாக மாறும் பயிற்சி நேரத்தில் இடைவெளி விரியும். சென்சார் 95 என்று காட்டும்போது விரலில் 72 இருக்கலாம். அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால் எண்ணைவிட அம்பை நம்புங்கள், சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள்.

அதேபோல் சர்க்கரை இறங்கி, குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகு சென்சார் இன்னும் கீழேயே காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மேலும் மேலும் தின்று 280-இல் போய் நிற்பவர்கள் ஏராளம். பதினைந்து நிமிடம் கழித்து விரலில் பாருங்கள்.

வியர்வையை ஓட்டத்தின் கணக்கில் எழுதுவது

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம். கடும் பயிற்சியிலும் இவைதான், சர்க்கரை இறங்கினாலும் இவைதான், ஏனென்றால் இரண்டிலும் அட்ரினலின் இருக்கிறது. எனவே உடலின் அறிகுறியை நம்பி ஓடாதீர்கள். சட்டென்று கால் தடுமாறுவது, எளிய கேள்விக்குப் பதில் வராதது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, உதடு மரத்துப்போவது, இவை வந்தால் நின்று பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் அடங்கிப்போகும், வியர்வை மட்டும் மிஞ்சும். முந்தின நாள் ஒரு முறை தாழ்ந்துபோனவருக்கு இன்று உடலின் எச்சரிக்கை மந்தமாக வரும். இந்த இரண்டு பேரும் அடிக்கடி அளக்க வேண்டும்.

இரண்டு மீட்டரை வைத்துச் சண்டை போடுவது

ஒன்றில் 152, இன்னொன்றில் 165. இரண்டும் சரி. மீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதியே, 100-க்கு மேலான அளவுகளில் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அனுமதிக்கிறது.

சாப்பிட்டதும் உட்கார்ந்துவிட்டு, மாலையில் மொத்தமாக நடப்பது

தினமும் ஒரே தடவையாக அரை மணி நேரம் நடப்பதையும், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பதையும் இரண்டாம் வகைக்காரர்களிடம் ஒப்பிட்டு நியூசிலாந்தில் ஒரு ஆய்வு நடந்தது, 2016-இல் வெளிவந்தது. மொத்த நடை ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் பிரித்து நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். கடும் பயிற்சியால் எண் ஏறுவதைக் கண்டு மிரண்டவர்களை நான் முதலில் சாப்பிட்டதும் உட்கார விடாமல் இப்படி நடக்கத்தான் பழக்குகிறேன். அப்புறம் மெதுவாக வேகப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறேன்.

ஒரு நாள் எண்ணைப் பார்த்து டோஸை மாற்றுவது

ஒரே பயிற்சி, ஒரே நேரம், ஒரே மாதிரிச் சாப்பாடு. இப்படி மூன்று நாள் எண்களாவது கையில் இருந்த பிறகுதான் மருத்துவரிடம் பேச விஷயம் இருக்கும். போட்டி நாளை இதில் சேர்க்காதீர்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே பதற்றத்தில் எண் ஏறி நிற்கும்.

ஆய்வகப் பரிசோதனைக்கு முன் உடலை வருத்துவது

நல்ல எண் வர வேண்டும் என்று பரிசோதனைக்கு முந்தின நாட்களில் மாவுச்சத்தையே தொடாமல் இருந்துவிட்டு, அன்று காலை வேகமாக ஓடிவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போகிறார்கள். இரண்டுமே எதிராக முடியலாம். காலையில் ஓடியதால் வெறும் வயிற்று எண் ஏறி நிற்கலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனை என்றால், அதற்கு முந்தைய மூன்று நாட்களும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நோய் இருப்பதுபோல் எண் உயர்ந்து வரலாம். வழக்கம்போல் சாப்பிடுங்கள், முந்தின நாள் கடும் பயிற்சியைத் தவிருங்கள், ஆய்வகத்தில் அந்த இரண்டு மணி நேரமும் நடக்காமல் உட்கார்ந்திருங்கள்.